கிஃப்ட்: பரிசா, நஞ்சா, திருமணமா?

(மொழிப்பாட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ‘கிஃப்ட்’ என்றால் என்ன என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். பிறந்தநாள், வண்ணத்தாள், ரிப்பன் எல்லாம் அந்தக் குழந்தையின் கண்ணில் தெரியும். ஆங்கிலம் படிக்காத வீடுகளில்கூடப் புழங்கும் சொல் அது. இன்று அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் ஐந்தாறு நாடுகளுக்குப் போய்வருவோம். திரும்பி வந்தபின், நாம் வகுப்பில் சொற்பொருள் கற்பிக்கும் முறை பற்றி ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஜெர்மனிக்குப் போவோம். அங்கே மருந்தகங்களில் பூட்டி வைக்கப்படும் ஓர் அலமாரிக்குக் ‘கிஃப்ட்ஷ்ராங்க்’ என்று பெயர். ‘ஷ்ராங்க்’ என்றால் அலமாரி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அதைப் பரிசு அலமாரி என்று நினைப்பார். உண்மையில் அது நச்சுப் பொருள்களை வைக்கும் அலமாரி. ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. பரிசுக்கு அவர்களிடம் ‘கெஷெங்க்’ என்ற வேறு சொல் இருக்கிறது.

அங்கிருந்து வடக்கே சுவீடனுக்குப் போனால் வியப்பு இரட்டிப்பாகும். அங்கேயும் அதே எழுத்துகள்தாம். ஆனால் ஒலி ‘யிஃப்ட்’. பெயர்ச்சொல்லாக வந்தால் அதற்கு நஞ்சு என்று பொருள். பெயரடையாக வந்தால் ‘திருமணமான’ என்று பொருள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் இதே இரட்டைப் பொருள் உண்டு. சுவீடனில் யாராவது தவறுதலாக நச்சுப்பொருளை விழுங்கிவிட்டால் ஆலோசனை கேட்க ஒரு மையம் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகை ஆங்கிலக் கண்ணுக்குப் ‘பரிசுத் தகவல் மையம்’ என்றே தோன்றும். அது நச்சுத் தகவல் மையம்.

நெதர்லாந்தில் நிலைமை வேறு. டச்சு மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் இன்றும் கொடை, நன்கொடை. அங்கே வருமானவரிக் கணக்கில் அறக்கொடைகளைக் குறிக்க இச்சொல்லின் பன்மைதான் வருகிறது. ஆனால் கடைசி ‘ட்’ உதிர்ந்து ‘கிஃப்’ என்று நின்றால் அது நஞ்சு. அதன் பெயரடை ‘கிஃப்டிக்’. அதில் அந்த ‘ட்’ திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் பொருள் ‘நச்சுத்தன்மை உடைய’. ஒரே எழுத்து வேறுபாட்டில் கொடையும் நஞ்சும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் பரிசு. கடலைக் கடந்தால் நெதர்லாந்தில் கொடை. எல்லையைக் கடந்தால் ஜெர்மனியில் நஞ்சு. இன்னும் வடக்கே போனால் நஞ்சும் திருமணமும். இது எப்படி நேர்ந்தது?

வேர் ஒன்றுதான்

இவை எல்லாம் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். ஆங்கிலத்தின் ‘கிவ்’, ஜெர்மனின் ‘கேபன்’, டச்சின் ‘கேஃபன்’ ஆகிய எல்லாமே ‘கொடு’ என்ற பொருள் தரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான் ‘கிஃப்ட்’. நாம் ‘கொடு’ என்பதிலிருந்து ‘கொடை’ என்ற பெயரைப் பெறுகிறோமே, அதுபோல. ஆக, தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் மிக எளிமையானது: கொடுத்தல், அல்லது கொடுக்கப்பட்டது. பரிசு என்றோ நஞ்சு என்றோ திருமணம் என்றோ அது சொல்லவில்லை.

கொடுப்பது என்றால் யார், யாருக்கு, எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விடையைப் பிடித்துக்கொண்டது. பொருள் பிரிந்தது அந்த இடத்தில்தான்.

கொடை நஞ்சான வழி

ஜெர்மனுக்குத் திரும்புவோம். பழைய உயர் ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் கொடை. அதே காலத்திலேயே அது நஞ்சையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. காரணம் கிரேக்க மருத்துவம். கிரேக்க மொழியில் ‘தோசிஸ்’ என்றால் கொடுத்தல். மருத்துவர் நோயாளிக்கு ஒரு தடவையில் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அதே பெயர் ஆயிற்று. அந்தச் சொல் லத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியது. நாம் தடுப்பூசி ‘இரண்டு டோஸ்’ போட்டுக்கொண்டோம் என்கிறோமே, அந்த டோஸ்தான் இது. (தலைமையாசிரியரிடம் ‘டோஸ் வாங்கினான்’ என்று தமிழில் அது இன்னொரு பொருளும் பெற்றுவிட்டது!) முறிமருந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஆன்டிடோட்’ என்பதற்கும் ‘எதிராகக் கொடுக்கப்பட்டது’ என்பதே நேர்ப்பொருள்.

இந்தத் ‘தோசிஸ்’ என்ற சொல்லைத்தான் ஜெர்மானியர் தம் மொழியில் ‘கிஃப்ட்’ என்று பெயர்த்தார்கள் என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் விளக்கம். மருந்தாகக் கொடுக்கப்பட்டது ‘கிஃப்ட்’. கொல்வதற்காகக் கொடுக்கப்பட்டதும் ‘கிஃப்ட்’. நஞ்சை நேரடியாக நஞ்சு என்று சொல்லக் கூசிய நாக்குக்கு, ‘கொடுத்தது’ என்ற மழுப்பலான சொல் வசதியாக இருந்தது.

தமிழாசிரியர்கள் இந்நேரம் புன்னகைப்பீர்கள். இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று கற்பிக்கிறோம். மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் ‘இயற்கை எய்தினார்’ என்பதைப் போல. ஜெர்மன் மொழியின் ‘கிஃப்ட்’ ஏறக்குறைய அந்த வகை.

இன்னும் நெருக்கமான சான்று நம் ஊர்களிலேயே இருக்கிறது. ‘மருந்து சாப்பிட்டார்’ என்றால் நமக்கு ஒரு பொருள். ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று யாராவது ஓடி வந்து சொன்னால் நாம் பதறி எழுந்துவிடுகிறோம். சொல் அதேதான், பூச்சிமருந்து என்பதன் முன்பாதி உதிர்ந்து ‘மருந்து’ என்றே நிற்கிறது. அது குணமாக்குவதா, கொல்வதா என்பதை அகராதி நமக்குச் சொல்வதில்லை. வினைச்சொல்லும் சொல்பவரின் முகமும் சொல்கின்றன. பழைய கிரேக்கத்தில் ‘ஃபார்மகான்’ என்ற ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறித்தது. மக்கள் எங்கிருந்தாலும் அச்சம் தரும் ஒன்றுக்கு அருகில் போகும்போது நாக்கு இப்படித்தான் சுற்றுவழியில் போகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘பாய்சன்’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குக் குடிக்கும் பானம் என்றுதான் பொருள். மருந்துநீரைக் குறிக்கும் ‘போஷன்’ அதன் உடன்பிறப்பு. குடிக்கக் கொடுத்த நீர் ஒரு மொழியில் நஞ்சானது. கையில் கொடுத்த கொடை இன்னொரு மொழியில் நஞ்சானது.

சரி, அதற்குமுன் ஜெர்மானியரிடம் நஞ்சுக்குச் சொல்லே இல்லையா? இருந்தது. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் நஞ்சுக்கு ‘எய்த்துர்’ என்றே பெயர். அதன் உடன்பிறப்பு ஜெர்மனில் ‘ஐட்டர்’ என்று இருக்கிறது; ஆனால் இன்று அதற்குப் பொருள் புண்ணில் கட்டும் சீழ். டென்மார்க்கில் சிலந்திக்கு ‘எடர்கொப்’ என்று பெயர். அதன் முற்பகுதியில் ஒளிந்திருப்பதும் அந்தப் பழைய நஞ்சுச்சொல்தான். அச்சொல் ஜெர்மனில் சீழைக் குறிக்கப் போய்விட்டது. நஞ்சின் இடத்தில் ‘கிஃப்ட்’ அமர்ந்தது. ஒரு சொல் நகரும்போது பக்கத்துச் சொல்லும் நகர்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு தடயத்தையும் பாருங்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. நஞ்சு என்ற பொருளில் ‘கிஃப்ட்’ இன்று அஃறிணைப் பால். கொடை என்ற பழைய பொருளில் அது பெண்பாலாக இருந்தது. அந்தப் பெண்பால் ‘கிஃப்ட்’ வழக்கொழிந்துவிட்டாலும் ஒரே ஒரு கூட்டுச்சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ‘மிட்கிஃப்ட்’. ‘மிட்’ என்றால் உடன். பெண்ணுடன் கொடுத்தனுப்பியது, அதாவது சீர்வரிசை. நஞ்சுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய கொடை அங்கே அப்படியே உறைந்து நிற்கிறது.

கொடை திருமணமான வழி

சீர்வரிசை என்றதும் மூன்றாம் பொருளுக்கு வந்துவிட்டோம்.

சுவீடனில் கணவன், மனைவி இருவருமே இன்று ‘நான் யிஃப்ட்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். திருமணமானவர் என்று பொருள். அதன் எதிர்ச்சொல் ‘ஊயிஃப்ட்’, திருமணமாகாதவர். ஆனால் அச்சொல்லின் பிறப்பைத் தோண்டினால் அடியில் இருப்பது ‘கொடுக்கப்பட்டவள்’. பழைய நார்ஸ் மொழியில் அதன் வினைச்சொல்லுக்குப் பெண்ணை மணம்செய்து கொடுத்தல் என்பதே பொருள். கொடுப்பவர் தந்தை அல்லது காப்பாளர். சுவீடனின் பழைய சட்டத்தில் அப்படிக் கொடுக்கும் உரிமையுள்ளவருக்கென்றே ‘யிஃப்தோமான்’ என்ற சட்டப்பெயர் இருந்தது. 1734-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் திருமணம் பற்றிய பகுதியின் தலைப்பும் இந்த வேரிலிருந்தே பிறந்தது. காலம் மாறியது, பெண் தானே முடிவெடுக்கும் உரிமை பெற்றாள். கொடுப்பவர் மறைந்துவிட்டார். ‘கொடுக்கப்பட்ட’ என்ற சொல் மட்டும் மிஞ்சி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிவிட்டது. சமூகம் விட்டுவிட்டதை மொழி ஒரு மூலையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

நமக்கு இது புரியாத செய்தியா? ‘மகளை மதுரையில் கொடுத்திருக்கிறோம்’, ‘அது பெண் எடுத்த வீடு’ என்று நாமும்தான் பேசுகிறோம்.

இந்த இடத்தில் சுவீடனைப் பற்றி ஒரு பழைய நகைச்சுவை உலவும்: திருமணத்துக்கும் நஞ்சுக்கும் அவர்கள் ஒரே சொல் வைத்திருப்பது அனுபவத்தால்தான் என்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வரலாறு வேறு. மணம் என்ற பொருள் அவர்களுடைய சொந்த மொழி மரபில் வந்தது. நஞ்சு என்ற பொருள், இடைக்காலத்தில் பால்டிக் கடல் வணிகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த வடஜெர்மானியரின் பேச்சுமொழியிலிருந்து கடனாக வந்தது. அந்தக் காலத்தில் சுவீடன் மொழிக்குள் ஏராளமான ஜெர்மன் சொற்கள் நுழைந்தன. அவற்றில் இதுவும் ஒன்று. ஆகவே ஒரே வேரில் பிறந்து, இரண்டு பாதையில் நடந்து, ஓரிடத்தில் மறுபடி சந்தித்துக்கொண்ட சொற்கள் இவை. ஐஸ்லாந்து மொழி நஞ்சுக்குத் தன் பழைய சொல்லையே காத்துக்கொண்டதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. அங்கே அந்த வேரிலிருந்து வந்த ‘கிஃப்தா’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நல்வாய்ப்பு என்று பொருள். ‘எல்லாவற்றுக்கும் கொடுப்பினை வேண்டும்’ என்று நம் பாட்டிமார் சொல்வதை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இனி ஆங்கிலம். ‘கிஃப்ட்’ என்பதற்குப் பரிசு என்ற பொருள் ஆங்கிலத்தில் எப்போதும் இருந்தது என்று நினைக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் கிடைக்கும் சான்றுகளில் அச்சொல் குறிப்பது பெண்ணுக்காகக் கொடுக்கும் மணப்பொருளை. பன்மையில் வந்தால் திருமணத்தையே. ஒலியும் அன்று ‘யிஃப்ட்’ போலத்தான் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய சாசரிடம்கூட ‘ய’கர ஒலியுடைய வடிவம் வருகிறது. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழித் தாக்கத்தால்தான் ‘க’கர ஒலியும் கொடை என்ற பொதுப்பொருளும் அங்கே நிலைபெற்றன. ஆக, பிறந்தநாள் பெட்டியில் நாம் கட்டித் தரும் இந்தச் சொல்கூட ஆங்கிலேயருக்குப் பாதி கடன்.

பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ், 1924-இல் இந்தச் சொல்லை மட்டுமே தலைப்பாக்கி, அதையே இரண்டு முறை எழுதி, ‘கிஃப்ட், கிஃப்ட்’ என்ற சிறு கட்டுரையை வெளியிட்டார். பழைய ஜெர்மானியச் சமூகத்தில் கொடை என்பது பெரும்பாலும் விருந்தில் நீட்டப்படும் மதுக்கிண்ணம். அதை வாங்கினால் கொடுத்தவருக்குக் கட்டுப்பட வேண்டும். கிண்ணத்தில் என்ன கலந்திருக்கிறது என்ற ஐயமும் இருக்கும். கொடை மகிழ்ச்சியும் தரும், அச்சமும் தரும் என்று அவர் விளக்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த கொடை பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு, மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல்.

ஒத்த முகம், வேறு குடும்பம்

ஒரே வடிவம், வேறு பொருள் என்று வரும் எல்லாச் சொற்களும் இப்படி உடன்பிறந்தவையா? இல்லை. அதற்கும் இரண்டு சான்று பார்த்துவிடுவோம்.

கிரேக்க நாட்டில் ‘நே’ என்றால் ஆம். எல்லையைத் தாண்டிப் பல்கேரியாவுக்குள் போனால் ‘நே’ என்றால் இல்லை. பல்கேரியாவின் மரபுப்படி, ‘இல்லை’ என்பதற்குத் தலையை மேலும் கீழும் அசைப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எல்லை கடந்து வரும் வணிகர் பாடு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பல்கேரிய ‘நே’ நம் நாட்டு வடமொழியின் எதிர்மறை ‘ந’ என்பதற்கு உறவு. கிரேக்க ‘நே’ முற்றிலும் வேறு பிறப்பு. இரண்டுக்கும் ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

இத்தாலியில் ‘புர்ரோ’ கேட்டால் வெண்ணெய் வரும். ஸ்பெயினில் கேட்டால் கழுதை வரும். வெண்ணெய், கிரேக்கத்தில் பிறந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த சொல். கழுதை, குட்டைக் குதிரையைக் குறித்த பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கும் உறவில்லை.

1928-இல் கேஸ்லர், தெரோக்கிஞி என்னும் இரு பிரெஞ்சு ஆசிரியர்கள் இத்தகைய சொற்களைத் தொகுத்து நூல் வெளியிட்டபோது அவற்றுக்குப் ‘போலி நண்பர்கள்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு அது பயனுள்ள எச்சரிக்கை. ஆனால் ஆசிரியர்களாகிய நமக்கு அந்தப் பெயர் போதாது என்பது என் கருத்து. ‘நே’, ‘புர்ரோ’ ஆகியவை ஒத்த முகம் கொண்ட அந்நியர்கள். ‘கிஃப்ட்’ அப்படியல்ல, ஒரு தாய் வயிற்றில் பிறந்து வேறு வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள். ஊருக்கேற்பப் பழக்கம் மாறியிருக்கிறது. இதில் போலி எங்கே இருக்கிறது? எந்த ஊர்க்காரியும் மற்றவளைவிட அசல் அல்லள்.

எப்படிப் பொருள் தெளிவது?

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்துக்கொண்டு சுவீடன் மக்கள் எப்படிக் குழப்பமின்றி வாழ்கிறார்கள்? இதற்கும் நம்மிடம் விடை உண்டு. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதையே சுவீடனுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ‘அவள் யிஃப்ட்’ என்றால் திருமணமானவள். ‘யிஃப்டைக் குடித்தான்’ என்றால் நஞ்சு. வினை பிரித்துவிட்டது. கணவன், மோதிரம், குழந்தை என்ற சொற்களோடு வந்தால் ஒன்று. பாம்பு, காளான், எலி என்பவற்றோடு வந்தால் மற்றொன்று. இது இனம். தேவாலய வாசலில் கேட்டால் ஒன்று; புட்டியின் மேல் படித்தால் மற்றொன்று. இது சார்பு.

ஆனால் சார்பு தெரியாத வழிப்போக்கன் என்ன செய்வான்? புட்டியின்மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதியிருப்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் படித்தால் உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 எண்ணுள்ள ஒழுங்குமுறை, கொடிய நச்சுப்பொருள்களின் மீது சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் மண்டையோட்டுப் படம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தந்த நாட்டு மொழியில் எச்சரிக்கையும் இருக்கும். ஆனால் எழுத்து ஏமாற்றக்கூடிய இடத்தில் படம் காவல் நிற்கிறது. சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பதை ஒரு கண்டமே ஏற்றுக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

வகுப்பறைக்குள்

இப்போது நான் சொன்ன கோரிக்கைக்கு வருகிறேன்.

நாம் சொற்பொருளைப் பெரும்பாலும் பட்டியலாகக் கற்பிக்கிறோம். இடப்பக்கம் சொல், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் பொருள். தேர்வுக்கு அது தேவைதான். ஆனால் அந்தச் சமக்குறி ஒரு தவறான நம்பிக்கையை மெல்ல ஊட்டிவிடுகிறது: ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு, அது ஆசிரியரிடம்தான் இருக்கிறது என்பதே அந்த நம்பிக்கை. இதனால் பாதிக்கப்படுவது யார்? வீட்டில் வேறு மொழியோ வேறு வட்டார வழக்கோ பேசிவிட்டு வரும் குழந்தை.

கூடலூர்ப் பக்கத்திலிருந்தோ குமரி மாவட்ட எல்லையிலிருந்தோ வரும் ஒரு மலையாளக் குழந்தை ‘வெள்ளம் வேண்டும்’ என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தமிழில் அது கரைபுரண்டு வரும் நீர். வகுப்பு முழுவதும் சிரிக்கும். அந்தக் குழந்தை ஒரு தவறும் செய்யவில்லை. ஒரு சகோதரியின் வீட்டிலிருந்து இன்னொரு சகோதரியின் வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அன்று அது வாயை மூடிக்கொண்டால், மறுபடி திறக்கப் பல மாதங்கள் ஆகும். சிலர் திறப்பதே இல்லை. மொழிப்பாடத்தில் நாம் இழக்கக் கூடாதது குழந்தையின் மதிப்பெண்ணைவிட அதன் பேச்சைத்தான்.

ஆகவே என் கோரிக்கை இது. குழந்தை எதிர்பாராத பொருளைச் சொல்லும்போது, சிவப்பு மையை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தச் சொல்லை இப்படி எங்கே கேட்டாய்?’

விடை மூன்று வகையில் வரலாம். ‘எங்கள் வீட்டில், எங்கள் ஊரில்’ என்று வந்தால், அதைக் கரும்பலகையில் எழுதிப் பக்கத்தில் நம் பாடப்பொருளையும் எழுதுங்கள். இரண்டும் உறவா, தற்செயலா என்று குழந்தைகளோடு தேடலாம். ‘வேறு பாடத்தில் படித்தேன்’ என்று வந்தால், அறிவியலில் ஒரு பொருளும் மொழிப்பாடத்தில் ஒரு பொருளும் வருவதை விளக்க அதுவே வாய்ப்பு. ‘தெரியவில்லை, சும்மா சொன்னேன்’ என்று வந்தால், அப்போது திருத்துங்கள். அந்தத் திருத்தத்தைக் குழந்தையும் ஏற்றுக்கொள்ளும்.

இதற்குக் கருவிப் பெட்டி எதுவும் வேண்டாம். குழந்தைகளின் சொற்களஞ்சியக் குறிப்பேட்டில் சொல், பொருள் என்ற இரண்டு பத்திகளோடு மூன்றாவதாக ஒரு பத்தி கோடிட்டால் போதும். அதில் அச்சொல் வரும் ஒரு முழு வாக்கியத்தைக் குழந்தையே எழுதட்டும். வினையும் இனமும் சார்பும் அந்த வாக்கியத்தில் தாமாக வந்து சேர்ந்துவிடும். உயர்நிலை வகுப்புகளில் மாதம் ஒரு சொல்லை எடுத்து அதன் வேர், உறவுச்சொற்கள், பக்கத்து மொழிகளில் அதன் பொருள் ஆகியவற்றை மரமாக வரையச் செய்யலாம். ‘கொடு’ என்பதில் தொடங்குங்கள். கொடை, கொடையாளி, கொடுப்பினை, கொள்வினை கொடுப்பினை, பெண் கொடுத்தல் என்று கிளைகள் விரியும். பிறகு ஆங்கில ஆசிரியர் ‘கிஃப்ட்’ மரத்தைப் பக்கத்தில் வரையட்டும். தமிழும் ஆங்கிலமும் உறவில்லாத மொழிகள். ஆனாலும் இரண்டு இடத்து மனிதர்களும் கொடுப்பதைச் சுற்றியே மணத்தையும் நல்வாய்ப்பையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் குழந்தைகள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

மொழிப்பாடமும் ஆங்கிலப்பாடமும் ஒரே அறையில் அடுத்தடுத்த பாடவேளைகளில் நடந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்கின்றன. ஒரு சிறு சொல் அவற்றை அறிமுகப்படுத்தி வைக்க முடியும்.

நாளை உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை ஒரு சொல்லுக்கு நீங்கள் எதிர்பாராத பொருளைச் சொல்லும். அது பெரும்பாலும் நாளைக்கே நடக்கும். அப்போது அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். என்ன விடை வந்தது என்பதை அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் நம்மோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.